நர்ஸம்மா ஊற்றும் அந்தச் சொட்டுக்குள் என்ன இருக்கிறது? - குடல் வைரஸை ஆய்வகத்தில் வளர்த்த கதை

புதன்கிழமை காலையில் தருமபுரி மாவட்டத்தின் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்... எந்த ஊராக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். தடுப்பூசி அட்டையும் கையுமாக அம்மாக்கள், கூடவே துணைக்கு வந்த ஆயாக்கள், ஒன்று அழ ஆரம்பித்தால் கோரஸாகச் சேர்ந்துகொள்ளும் குழந்தைகள்.

ஆறு வாரக் குழந்தைக்குத் தொடையில் ஊசி போடுவதற்கு முன்னால் வாயில் இரண்டு விதமான மருந்து ஊற்றுவார்கள். ஒன்று, நமக்கெல்லாம் தெரிந்த போலியோ சொட்டு மருந்து. இன்னொன்று, ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து. ''ஊசிதான் போடணும், இந்தச் சொட்டு எதுக்குங்க?'' என்று சிலர் கேட்பார்கள். சிலர் கேட்காமலே வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த தவணைக்கு வராமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இந்த இரண்டு மருந்துகளுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் இருப்பது உயிருள்ள குடல் வைரஸ். நோய் உண்டாக்கும் பலம் இல்லாத வகை. இரண்டுமே ஆய்வகத்தில், பெரும்பாலும் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களில் வளர்க்கப்பட்டவை. மனிதக் குடலைத் தவிர வேறெங்கும் வாழ மாட்டேன் என்று அடம்பிடித்த வைரஸ்களைப் பாட்டிலுக்குள் வளர்க்கக் கற்றுக்கொண்டதால்தான் அந்தச் சொட்டு இன்று உங்கள் குழந்தைக்குக் கிடைக்கிறது. அதை எப்படிச் செய்தார்கள், அதில் நம் வேலூருக்கும் கிண்டிக்கும் குன்னூருக்கும் என்ன பங்கு, அம்மாக்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்ப்போம்.

''பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுது!''

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆகும்போது திடீரென்று வாந்தி. அன்று சாயந்திரமே தண்ணீராக வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல். வீட்டில் உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ''பல்லு முளைக்குது'', ''உரம் விழுந்திருக்கும்'', ''எவளோ கண்ணு வெச்சுட்டா.'' இதில் ஆபத்தான ஆலோசனை ஒன்றும் வரும்: ''தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போகும்.''

ஆயா சொல்வதில் பாதி கவனிப்பு உண்மைதான். பல் முளைக்கும் வயதும் இந்த வயிற்றுப்போக்கு அதிகம் வரும் வயதும் ஒன்றுதான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தை தவழும், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். தாயிடமிருந்து கருவிலேயே கிடைத்த எதிர்ப்பு சக்தியும் அப்போதுதான் குறைந்துகொண்டே வரும். அந்த இடைவெளியில்தான் ரோட்டா வைரஸ் உள்ளே நுழைகிறது.

பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் இந்த வைரஸுக்குக் கிடையாது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது இது வந்துபோனது. வந்த குழந்தை பிழைக்குமா என்பதில்தான் வித்தியாசம். இந்தியாவில் தடுப்பு மருந்துக்கு முந்தைய காலத்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வருடத்துக்குச் சுமார் 78,000 பேர் ரோட்டா வைரஸால் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் வருடத்துக்குச் சுமார் 8.7 லட்சம் பேர். அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்குக் காரணமாக இருந்தது இந்த ஒரு வைரஸ்தான்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. டர்க்கி டவல் மாதிரி லட்சக்கணக்கான குட்டிக் குட்டி விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றைக் குடல் உறிஞ்சிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சாப்பாட்டின் சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது விரல் நுனியில் இருக்கும் செல்கள். ரோட்டா வைரஸ் சரியாக அந்த நுனிச் செல்களைத்தான் குறிவைக்கும்.

நுனிச் செல்கள் அழிந்தால் உறிஞ்சும் வேலை நின்றுபோகும். அது மட்டுமில்லாமல், இந்த வைரஸ் ஒரு புரதத்தையும் சுரக்க வைக்கிறது. அந்தப் புரதம் ஒரு விஷம் மாதிரி வேலை செய்து, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்துவிடுகிறது. இதை 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குழந்தைக்கு மோட்டார் போட்ட மாதிரி தண்ணீராகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. விரல்களின் அடியில், பள்ளத்துக்குள் இருக்கும் விதைச் செல்களை இந்த வைரஸ் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கிருந்து புதுச் செல்கள் கிளம்பி மேலே ஏறி, சில நாள்களில் குடல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே, அந்த நான்கைந்து நாள்கள் குழந்தையின் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், குழந்தை பிழைத்துவிடும். இறந்துபோன குழந்தைகளில் பெரும்பாலோர் வைரஸால் நேரடியாக இறக்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றி இறந்தார்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் அந்த விதைச் செல்களை ஆய்வகத்தில் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

வைரஸுக்கு வாடகை வீடு

பாக்டீரியாவை வளர்ப்பது சுலபம். பாலை உறை ஊற்றி வைத்தால் ராத்திரிக்குள் தயிராகிறதே, அது பாக்டீரியா வளர்ந்ததால்தான். வைரஸ் அப்படி வளராது. அதற்குச் சொந்தமாகச் சமையலறையே கிடையாது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் புகுந்து, அதன் அடுப்பையும் பாத்திரத்தையும் பயன்படுத்தித்தான் தன் நகல்களைத் தயாரிக்கும். அதனால் வைரஸை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் செல்லை வளர்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள் இருக்கும். அதில் சர்க்கரை, உப்பு, அமினோ அமிலங்கள் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, கூடவே கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரமும் கொஞ்சம் சேர்ப்பார்கள். இதுதான் செல்களுக்குச் சாப்பாடு. நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் குடுவையை வைத்தால், செல்கள் பெருகி அடியில் ஒற்றை அடுக்காகப் படர்ந்து நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் டைல்ஸ் பதித்த தரை மாதிரி நெருக்கமாக இருக்கும்.

அதன்மேல் வைரஸை விட்டால் இரண்டு மூன்று நாள்களில் காட்சி மாறும். செல்கள் உருண்டுபோகும், பிடி விட்டுத் தரையிலிருந்து பெயரும், நடுநடுவே ஓட்டை விழும். எத்தனை ஓட்டை என்று எண்ணினால், உயிருள்ள வைரஸ் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போடலாம். ஒரு மருந்தையோ, குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தையோ சேர்த்துவிட்டு, ஓட்டை குறைகிறதா என்றும் பார்க்கலாம். குழந்தையை ஆபத்தில் தள்ளாமல் நோயை ஆராயும் வழி இது.

உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பயன்படும் பிரபலமான செல்லின் பெயர் வீரோ. 1962-ல் ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தில், ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது. எஸ்பெராண்டோ மொழியில் 'பச்சைச் சிறுநீரகம்' என்ற சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. அன்று எடுத்த செல்லின் வாரிசுகள்தான் அறுபது வருடம் தாண்டியும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகக் குரங்குகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வழிகாட்டியது போலியோ

போலியோவைக் கால் ஊனமாக்கும் நோயாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால், அந்த வைரஸின் சொந்த ஊர் குடல்தான். வாய் வழியாகப் போய், குடலில் பெருகி, மலத்தில் வெளியேறும். சில நூறு பேரில் ஒருவருக்குத்தான் நரம்புக்குப் போய்க் கை கால்களை முடக்கும்.

நரம்புத் திசுவில் மட்டும்தான் இது வளரும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1949-ல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரடெரிக் ராபின்ஸ் மூவரும் நரம்பு அல்லாத மனிதத் திசுக்களில் போலியோ வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அதற்காக 1954-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு வந்த சால்க் ஊசி, சேபின் சொட்டு மருந்து இரண்டுக்கும் அந்தக் கண்டுபிடிப்புதான் அஸ்திவாரம்.

நம்மூருக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் தொடங்கப்பட்டது. நாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்போன இடம். 1960-களின் பிற்பகுதியிலேயே குரங்குச் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரஸை வளர்த்து இங்கே சொட்டு மருந்து தயாரித்திருக்கிறார்கள்.

செல் வளர்ப்பு இன்றைக்கும் தருமபுரியைக் காவல் காக்கிறது. மாவட்டத்தில் எந்த மூலையிலாவது 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்துபோனால், சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிட்யூட்டில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. அங்கே இரண்டு வகைச் செல்களில் அந்த மாதிரியை விடுவார்கள். ஒன்று, பல குடல் வைரஸ்களும் வளரக்கூடிய மனிதத் தசைக்கட்டிச் செல். இன்னொன்று, போலியோ வைரஸ் உள்ளே நுழையும் 'கதவை' மட்டும் பொருத்தி வைத்த எலிச் செல். எலிச் செல் உருண்டு பெயர்ந்தால் போலியோவாக இருக்கலாம் என்று மேற்கொண்டு சோதிப்பார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கம் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 'இல்லை' என்று சொல்வதற்கும் இப்படிக் குடுவை குடுவையாகப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அடம்பிடித்த ரோட்டா

1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்குகளை ரூத் பிஷப்பும் சக ஆய்வாளர்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமான வைரஸ்கள் தெரிந்தன. லத்தீன் மொழியில் 'ரோட்டா' என்றால் சக்கரம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பார்த்தாயிற்று. வளர்க்க முடிந்ததா என்றால், இல்லை. நோய் வந்த குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் இந்த வைரஸ் இருக்கும். இன்னொரு குழந்தையைத் தொற்ற நூற்றுக்கும் குறைவான வைரஸ்கூடப் போதும். அப்படிப்பட்ட வைரஸ், ஆய்வகச் செல்லில் விட்டால் சும்மா கிடந்தது. 1980-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுற்றி வளைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிருமியே படாமல் வளர்த்த பன்றிக்குட்டிகளின் குடலில் பதினொரு தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் பிறகு குரங்குச் சிறுநீரகச் செல்லுக்குப் பழக்கினார்கள்.

1981-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயாளியின் மலத்திலிருந்து நேரடியாகவே செல்லில் வளர்த்துவிட்டார்கள். ரகசியம் என்ன தெரியுமா? டிரிப்சின். நாம் சாப்பிடும் பருப்பையும் முட்டையையும் செரிக்க வைக்க நம் கணையம் சுரக்கும் அதே செரிமானப் பொருள்தான். ரோட்டா வைரஸின் மேல் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். குடலில் இருக்கும் டிரிப்சின் அந்த முள்ளை ஓர் இடத்தில் வெட்டுகிறது. மழுங்கிய பென்சிலைச் சீவியது போல, வெட்டுப்பட்ட பிறகுதான் அந்த முள் செல்லைத் துளைத்து நுழையும் தகுதி பெறுகிறது. நம் செரிமானச் சாறே வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது! அந்தச் சாறு குடுவையில் இல்லாததால்தான் அதுவரை வைரஸ் வளரவில்லை.

இன்றும் ரோட்டா வளர்க்கும் ஆய்வகங்களில் இதே முறைதான். செல்களுக்குச் சாப்பாடாக ஊற்றிய சீரத்தை முதலில் சுத்தமாகக் கழுவி எடுத்துவிடுவார்கள். சீரம் மிச்சமிருந்தால் டிரிப்சினை வேலை செய்யவிடாது. பிறகு வைரஸை டிரிப்சினில் ஊறவைத்து, செல்மேல் விடுவார்கள். வளர்க்கும் திரவத்திலும் துளி டிரிப்சின் சேர்ப்பார்கள். அதிகமானால் செல்லே பெயர்ந்துவிடும், குறைந்தால் வைரஸ் வளராது. உப்புப் போடுகிற மாதிரி, அளவு தெரிந்த கை வேண்டும்.

டெல்லி வார்டில் கிடைத்த வைரஸ், வேலூரில் நடந்த சோதனை

வளர்க்கத் தெரிந்த பிறகு, தடுப்பு மருந்துக்கு ஏற்ற வைரஸ் வேண்டும். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் பிறந்த பச்சிளங்குழந்தைகள் பலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஆனால், ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை! மருத்துவர் எம்.கே.பான் குழுவினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் கடுமையான ரோட்டா நோய் குறைவாகவே வந்ததைக் கவனித்தார்கள். மனித வைரஸும் மாட்டு வைரஸும் இயற்கையிலேயே கலந்து உருவான அந்த வகைக்கு 116ஈ என்று பெயர்.

அதை வீரோ செல்லில் வளர்த்து, ஹைதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் 'ரோட்டாவேக்' என்ற மருந்தாக்கியது. டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதனை நடந்தது. வேலூர்ப் பகுதியை சி.எம்.சி மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழு கவனித்தது. இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானிகளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு 2019-ல் முதன்முதலாகத் தேர்வானவர் இவர்தான். 2014-ல் முடிவு வெளியானது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வருடத்தில் சுமார் 56 சதவிகிதம் தடுத்தது.

2016-ல் நான்கு மாநிலங்களில் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் 'ரோட்டாசில்' மருந்தும் பின்னர் திட்டத்தில் சேர்ந்தது. எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஐந்து சொட்டாகவோ, சில மில்லியாகவோ தருவார்கள்.

56 சதவிகிதம்தானா?

நியாயமான கேள்வி. பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்துகள் 85 சதவிகிதத்துக்கு மேல் காக்கின்றன. நம் குழந்தைகளிடம் மட்டும் ஏன் குறைகிறது?

இது ரோட்டாவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வேலூர் சி.எம்.சி-யின் டி.ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே, மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதுமான எதிர்ப்பு சக்தியைத் தரவில்லை என்று எழுதினார். பிற்பாடு நாம் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து முகாம் நடத்தியதற்குப் பின்னால் இந்த உண்மை இருக்கிறது.

மருந்துதான் மட்டமா என்றால், அதுவும் இல்லை. வேலூர் நகரத்தின் குடிசைப் பகுதிகளில் 2002-லிருந்து பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். 373 குழந்தைகளின் விவரம் 2011-ல் வெளியானது. மெக்சிகோவில் இரண்டு தடவை இயற்கையாகத் தொற்று வந்த குழந்தைகளுக்கு அதற்கு மேல் கடுமையான நோய் வரவில்லை. வேலூரில் மூன்று தடவை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவிகிதம்தான். இயற்கையான தொற்றே இங்கே முழுப் பாதுகாப்பு தருவதில்லை எனும்போது, அதைப் போலவே வேலை செய்யும் மருந்தும் அப்படித்தானே இருக்கும்!

குழந்தையின் குடலில் ஏற்கெனவே இருக்கும் மற்ற கிருமிகள் காரணமா என்று பார்க்க, போலியோ சொட்டு மருந்துக்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுத்து வேலூரிலேயே ஒரு சோதனை நடந்தது. குடலில் பாக்டீரியாக் கிருமிகள் குறைந்தன. மருந்தின் பலன் கூடவில்லை. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதம், சத்துக் குறைபாடு, குடல் செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைப் பூச்சு ஆளுக்கு ஆள் மாறுவது என்று காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. ரத்தத்தில் ஏ, பி, ஓ என்று பிரிவு இருப்பதைப் போலவே, குடல் செல்லின் மேலும் இப்படிப் பிரிவுகள் உண்டு. எந்த ரோட்டா வகை யாரைத் தொற்றும் என்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

ஆனாலும் 56 சதவிகிதம் என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நோய் அதிகமாக இருக்கும் ஊரில் பாதிக்குப் பாதி குறைந்தாலும் பல்லாயிரம் குழந்தைகள் தப்பிப்பார்கள். திட்டம் தொடங்கிய பிறகு 9 மாநிலங்களில் 31 ஆஸ்பத்திரிகளில் பார்த்த ஆய்வு 2025-ல் வெளியானது. வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு சுமார் 40 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

குடுவையில் ஒரு குட்டிக் குடல்

குரங்குச் சிறுநீரகச் செல் மருந்து தயாரிக்கப் போதும். மனிதக் குடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மனிதக் குடல்தான் வேண்டும். இங்கேதான் அந்த அடிப் பள்ளத்து விதைச் செல்கள் மறுபடியும் வருகின்றன.

2009-ல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில், எலிக் குடலின் விதைச் செல்லை ஒரு ஜெல்லிக்குள் வைத்து வளர்த்தபோது, அது தானாகவே குட்டிக் குடல் மாதிரி உருவானது. பிறகு மனிதக் குடலிலிருந்தும் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்யும்போது நோயாளியின் அனுமதியுடன் எடுக்கும் ஒரு துணுக்கு போதும். அதில் உறிஞ்சும் செல், சளி சுரக்கும் செல், ஹார்மோன் சுரக்கும் செல் என்று நிஜக் குடலில் இருக்கும் வகைகள் வரும்.

இதனால் முதலில் பிடிபட்டது நோரோ வைரஸ். கல்யாண வீடு, ஹாஸ்டல், கப்பல் என்று கூட்டமாகச் சாப்பிடும் இடங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரப்பும் வைரஸ் இது. 2021 நவம்பரில் கேரளாவின் வயநாடு பூக்கோட்டில் கால்நடைக் கல்லூரி மாணவர்களுக்கு வந்ததே, அதுதான். 1968-ல் அமெரிக்காவின் நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் பரவியபோது எடுத்த மாதிரியில், 1972-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால், 40 வருடங்களுக்கு மேல் எந்தச் செல்லிலும் ஒழுங்காக வளரவில்லை. 2016-ல் ஹூஸ்டன் நகரத்தின் பேலர் மருத்துவக் கல்லூரியில் மனிதக் குட்டிக் குடலில் வளர்த்தார்கள். சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. ரோட்டாவுக்கு டிரிப்சின், நோரோவுக்குப் பித்தநீர். குடலில் என்னென்ன இருக்கிறதோ, அதைக் குடுவையிலும் வைத்தால்தான் இந்த வைரஸ்கள் வரும்.

எந்தச் சோப்பு, எந்தக் கிருமிநாசினி நோரோவைக் கொல்லும், எவ்வளவு சூட்டில் அது சாகும், யாருடைய குடலில் வளர மறுக்கிறது என்றெல்லாம் இப்போது நேரடியாகச் சோதிக்க முடிகிறது. அடுத்த தலைமுறைத் தடுப்பு மருந்துகள் இங்கிருந்துதான் வரும்.

அம்மாக்களின் கேள்விகள்

உயிருள்ள வைரஸ் என்கிறீர்களே, அதனாலேயே நோய் வந்துவிடாதா?

பலம் குறைந்த வகை என்பதால் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குப் பயமில்லை. பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த குழந்தை என்றாலோ, முன்பு குடல் செருகல் வந்த குழந்தை என்றாலோ கட்டாயம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

குடல் செருகல் என்றால்?

குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் சொருகிக்கொள்வது. 1998-ல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்தால், சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வந்தது தெரிந்து, 1999-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் இப்போதைய மருந்தைக் கொடுத்த பிறகு பல மாநில ஆஸ்பத்திரிகளில் கண்காணித்ததில், அப்படி ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தவணை தவறிவிட்டதே?

6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. முதல் தவணையைத் தாமதமானாலும் ஒரு வயதுக்குள் தொடங்கிவிடலாம். அதற்கு மேல் தொடங்க மாட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போனதாலோ, வேலைக்காக பெங்களூரு, ஓசூர் என்று குடும்பம் இடம் மாறியதாலோ விட்டுப்போயிருந்தால், அட்டையை எடுத்துக்கொண்டு இருக்கும் ஊரிலேயே அரசு சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

சொட்டு கொடுத்தும் வயிற்றுப்போக்கு வந்ததே?

வயிற்றுப்போக்குக்கு ரோட்டா தவிர வேறு கிருமிகளும் காரணம். ரோட்டாவே வந்தாலும் பெரும்பாலும் தீவிரம் குறைவாக இருக்கும்.

ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மலத்தில் ரத்தம் போன்ற அறிகுறிகள் இருந்தால் டாக்டரே தீர்மானிப்பார்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

* ஓ.ஆர்.எஸ். ஒரு பெரிய பாக்கெட்டை, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதி பாக்கெட், கண்ணளவு தண்ணீர் எல்லாம் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள்.

* ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

* குடல் புண்ணாகியிருந்தாலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உறிஞ்சும் வழி பெரும்பாலும் வேலை செய்துகொண்டேயிருக்கும். உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகும். இதனால்தான் ஓ.ஆர்.எஸ். பலிக்கிறது. கடையில் விற்கும் இனிப்பான டெட்ரா பேக் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. சர்க்கரை அதிகமானால் இன்னும் போகும்.

* துத்தநாக மாத்திரை 14 நாள். 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். வயிற்றுப்போக்கு நின்றாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்-ஸோடு இலவசமாகவே கிடைக்கும்.

* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வழக்கமான குழைவான சாப்பாடு கொடுக்கலாம். கஞ்சி, ராகிக் கூழ், தயிர்சாதம் எல்லாம் நல்லதுதான்.

* குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சாப்பாடு ஊட்டுவதற்கு முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நோரோ வைரஸுக்கு சானிட்டைசர் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் சரி.

* கண் குழிவிழுந்து போவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, துவண்டு கிடப்பது, குடிக்க மறுப்பது... இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த புதன்கிழமை உங்கள் தெருவில் யாராவது, ''சொட்டுதானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'' என்று சொன்னால், அந்தச் சொட்டை உருவாக்க எத்தனை வருடம் ஆனது என்று சொல்லுங்கள். ஆயாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: ''வயித்தால போனா தண்ணியை நிறுத்தக் கூடாது, ஆயா. அப்பதான் அதிகமா குடுக்கணும்.''